கோகுல்ராஜின் வலது கால்

இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதே, பள்ளங்கி அணிக்குத் தோல்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது சுபஸ்ரீக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கத்திலிருந்து வரும். அங்கே தடுப்பாட்டம் ஆடுகிறவன் அவளுடைய கணவன் கோகுல்ராஜ்.

சுபஸ்ரீக்கு இருபத்தேழு வயது. கொடைக்கானலில் ஓர் உரக்கடையில் வேலை. பூண்டுக்கும் கேரட்டுக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள், மருந்தை வாங்கிப் பையில் போட்ட பிறகு, "ஞாயித்துக்கிழமை எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். காரணம், அவள் வியாழக்கிழமைதோறும் 'மலைப்பந்து' என்ற வாட்ஸ்அப் குழுவில் போடும் ஆடியோ. கல்லூரி நாட்களில் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு நடுக்களத்தில் ஆடியவள் அவள். மூன்றாம் வருடத்தில் முழங்காலில் தசைநார் அறுந்துபோனது. ஆட்டம் அத்தோடு நின்றது. ஆனால் மைதானத்தைப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே இடம் காலியாகக் கிடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மலையூர்களும் அடிவாரத்து ஊர்களும் சேர்ந்து கோப்பைப் போட்டி தொடங்கியபோது, ஏதோ ஆர்வத்தில் இரண்டு நிமிடம் பேசி அனுப்பினாள். சொன்னபடியே நடந்தது. இப்போது குழுவில் அறுநூறு பேர். தாண்டிக்குடி காப்பித் தோட்டத்துக்காரர்கள், ஜீப் ஓட்டுநர்கள், பழனிக் கடைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பதினான்கு ஆட்டங்களைப் பற்றிச் சொல்லியிருந்தாள். பதினொன்று பலித்திருந்தது.

இறுதி ஆட்டம் மலையூரான பள்ளங்கிக்கும் அடிவாரத்துப் பழனிக்கும். பழனி அணியை நேரில் பார்ப்பதற்காகவே கடைக்கு லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில் மலையிறங்கிப் போய் அவர்களுடைய அரையிறுதியைப் பார்த்துவிட்டு வந்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. திரும்பி வரும்போது அதில் பதினோரு பக்கம் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றித்தான். செல்வமுருகன். வலது பக்கம் ஆடும் விங்கர், இருபது வயது. பந்தை வாங்கினால் கோட்டோரமாகவே ஓடுவான். உள்ளே திரும்பவே மாட்டான். அது எதிராளிக்கும் தெரியும். தெரிந்தும் பிடிக்க முடியாது, அவ்வளவு வேகம்.

கோகுல்ராஜுக்கு வலது காலில்தான் பழக்கம். ஊரில் இடது கால்காரன் யாரும் இல்லாததால் இடது பக்கம் நிறுத்தப்பட்டவன். எதிராளி நெருங்கியதும் பொறுக்காமல் வலது காலை நீட்டிப் பாய்வான். பாய்ந்தால் அவனுடைய இடது பக்கம், அதாவது கோட்டோரம், திறந்துவிடும். செல்வமுருகன் போவதும் அந்த வழிதான்.

இதைக் கணவனிடம் இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை பூண்டு காயப்போடும்போது. "சரி சரி" என்றான். இன்னொரு தடவை சாப்பிடும்போது. "எனக்குத் தெரியாதா?" என்றான். அணித் தலைவர் வேலுமணியிடமும் சொன்னாள். தாண்டிக்குடித் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவர். பயிற்சியாளரும் அவரே. "கோகுலு பாத்துக்குவான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையின் பின்கட்டில், உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனை எடுத்தாள். போன மாதம் தாண்டிக்குடி கோல்கீப்பரைப் பற்றி, இடது பக்கம் வரும் பந்தை நழுவ விடுவார் என்று இதே குழுவில் சொன்னவள் அவள். அது நடந்தது. தாண்டிக்குடிக்காரர்கள் பொருமினார்கள், பள்ளங்கிக்காரர்கள் கைதட்டினார்கள். இப்போது சொந்தக் கணவன் என்பதற்காக மறைத்தால், இதுவரை சொன்னதெல்லாம் என்ன? ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கங்க, சுபஸ்ரீ பேசுறேன். ஞாயித்துக்கிழமை மூணு எடத்துல சண்டை நடக்கும். மொதல்ல நடுக்களம். பழனிக்கு நடுவுல மூணு பேரு, பள்ளங்கிக்கு ரெண்டு பேருதான். ஆனா வேலுமணியண்ணன் பந்து எங்க வரும்னு முன்னாடியே போயி நிக்கிற ஆளு. அங்க பள்ளங்கி கை ஓங்கும். ரெண்டாவது, மூச்சு. கீழ இருந்து வர்றவங்க அறுபது நிமிசத்துல மூச்சு வாங்கி விழுந்துருவாங்கன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. அதை நம்பி எறங்காதீங்க. பழனிக்கு வெளிய நாலு நல்ல ஆளு உக்காந்திருக்காங்க. வெரசா மாத்துவாங்க. மூணாவதுதான் முக்கியம். பள்ளங்கியோட எடது பக்கம். செல்வமுருகனும் கோகுல்ராஜும் மோதுற எடம். கோகுல்ராஜ் அவசரப்பட்டு வலது காலை நீட்டுவாரு. நீட்டுனா செல்வமுருகன் கோட்டோரமாப் போயிருவான். தொணைக்கு ஒரு ஆளு போடாம இப்படியே எறங்குனா, பழனி ரெண்டு, பள்ளங்கி ஒண்ணு."

ஒரு தடவை போட்டுக் கேட்டாள். குரல் தெளிவாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

அந்த ஆடியோவைக் கோகுல்ராஜ் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டான். பக்கத்திலிருந்தவன் போனில் சத்தமாக ஓடியது. தன் பெயர் வந்ததும் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஏலே, வீட்டுக்குள்ளயே எதிரிய வச்சிருக்க" என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது சுபஸ்ரீயும் மாமியார் பொன்னுத்தாயும் வாசலில் பூண்டின் தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அறுநூறு பேருகிட்ட சொல்லணுமா?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தடவ சொன்னேன். பூண்டு காயப்போடும்போது ஒரு தடவ. சோறு திங்கும்போது ஒரு தடவ."

"அது வேற."

"என்ன வேற? வீட்டுல சொன்னா பொலம்பல், குரூப்புல சொன்னா ஆராய்ச்சியா?"

பொன்னுத்தாய் அரிவாளைக் கீழே வைத்தார். "அவ சொன்னது பொய்யாடா?" என்று மகனைக் கேட்டார்.

"பொய்யில்ல."

"அப்புறம் என்ன?"

"பழனிக்காரனும் கேப்பான்ல அத்தனையும்! என் காலுல ஓட்டை இருக்குன்னு அவனுக்கு வழி காட்டிக் குடுத்துட்டா."

அது சுபஸ்ரீக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். சொன்னபிறகு அது யார் கைக்குப் போகும் என்று நினைக்கவில்லை. அவன் பூண்டுக் கட்டுகளைத் தூக்கிப் பரணில் அடுக்கப் போனான்.

மறுநாள் வெள்ளனே வேலுமணி ஜீப்போடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"ஏம்மா, நம்ம ஊருப் பொண்ணுதானே நீ?"

"நம்ம ஊருதாண்ணே. அதனாலதான் போன வாரமே ஒங்ககிட்ட சொன்னேன். ஜீப்பை எடுத்துட்டுப் போயிட்டீங்க."

வேலுமணி தலையைச் சொறிந்தார். "சரி, நடந்தது நடந்துருச்சு. இப்ப குமாரவேலு என்ன பண்ணுவாருன்னு சொல்லு."

குமாரவேல் பழனி அணியின் பயிற்சியாளர். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர்.

சுபஸ்ரீ நேற்றிரவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தாள். "கேட்டிருப்பாருண்ணே, கட்டாயம் கேட்டிருப்பாரு. கேட்டதுனால அந்தப் பக்கத்துலயே இன்னும் ஆளைக் குவிப்பாரு. செல்வமுருகனுக்குத் தொணையா, அவனுக்குப் பின்னாடி நின்னு தடுக்குற ரைட் பேக்கும் மேல ஏறி வருவான். ஏறி வந்தா அவனுக்குப் பின்னாடி அம்புட்டும் காலி. பந்தைப் புடுங்குனதும் அந்தக் காலி எடத்துக்கு அடிச்சா நமக்கு கோல்."

"புடுங்குனாத்தானே?" என்றார் வேலுமணி, வீட்டுக்குள் பார்த்தபடி.

கோகுல்ராஜ் கதவருகே வந்து நின்றான். "நாளைக்குக் காலையில பழகிக்கிறேன்" என்றான். "அவளே வந்து சொல்லித் தரட்டும்."

அன்று மதியம் கடையில் இருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. தெரியாத எண்.

"ஏம்மா சுபஸ்ரீங்களா? பழனியில இருந்து குமாரவேல் பேசுறேன். ஒங்க ஆடியோ கேட்டேன். நாலு தடவ கேட்டேன்."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. என் டீமை எனக்கே எடுத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு. ஒண்ணு மட்டும் கேக்குறேன். செல்வமுருகனை நான் எடது பக்கம் எறக்குனா என்ன செய்வீங்க?"

அவள் சிரித்தாள். "எறக்க மாட்டீங்கண்ணே. ஒங்க மேட்சு அஞ்சு பாத்துட்டேன், நேர்ல ஒண்ணு, போன்ல நாலு. ஆளை மாத்துவீங்க, எடத்தை மாத்த மாட்டீங்க. ஒரு தடவ கூட மாத்துனதில்ல."

"அப்படியா? சரிம்மா, ஞாயித்துக்கிழமை பாப்போம்." அவரும் சிரித்துக்கொண்டே வைத்தார்.

வேலுமணியிடம் அதைச் சொன்னபோது, அவள் உறுதியாகவே சொன்னாள். "சும்மா வெரட்டிப் பாக்குறாருண்ணே. மாத்த மாட்டாரு."

சனிக்கிழமை காலையில், பூண்டு எடுத்த வெற்றுக் காட்டில் பந்தோடு போய் நின்றார்கள். மேட்டில் மூன்று காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை நகரும்வரை கால் மணி நேரம் காத்திருந்தார்கள். சுபஸ்ரீயால் ஓட முடியாது. ஆனால் பந்தை உருட்டிக்கொண்டு நடந்து வர முடியும். நடந்தே வந்தாள். பக்கத்தில் வந்ததும் தோளை ஒரு பக்கம் சாய்த்தாள். கோகுல்ராஜ் வலது காலை நீட்டினான். அவள் பந்தை மறுபக்கம் தட்டிவிட்டு அவனைக் கடந்து போனாள்.

இரண்டாவது தடவையும் அப்படியே. ஐந்தாவது தடவையும் அப்படியே.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாய், "ஏலே, நொண்டிக்கிட்டு வர்றவளையே புடிக்க முடியல. நாளைக்கு என்னத்தப் புடிக்கப் போற?" என்றார்.

"அம்மா, நீ சும்மா இரு."

"காலைப் பாக்காதீங்க, என் தோளையும் பாக்காதீங்க" என்றாள் சுபஸ்ரீ. "பந்தை மட்டும் பாருங்க. நான் வரும்போது பின்னாடி நகந்துக்கிட்டே போங்க. நான் பந்தைத் தள்ளி விடணும், நீங்க காலை விடக் கூடாது. அவசரம் அவனுக்குத்தான், ஒங்களுக்கு இல்ல."

ஏழாவது தடவை அவன் காலை நீட்டவில்லை. பின்வாங்கிக்கொண்டே போனான். அவள் பந்தைக் கொஞ்சம் முன்னால் தட்டியபோது இடையில் உடம்பைக் கொடுத்துப் பந்தை எடுத்துக்கொண்டான். எட்டாவதும் எடுத்தான். ஒன்பதாவது தடவை பழையபடி பாய்ந்தான், விட்டான். இருபது தடவைக்குப் பிறகு அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் வந்து முன்னால் மண்டியிட்டு, "வலிக்குதா?" என்றான்.

"லேசா."

"வியாழக்கிழமை சொன்னியே, அதே வார்த்தையில எங்கிட்ட சொல்லிருந்தா கேட்டிருப்பனோ என்னமோ."

"கேட்டிருக்க மாட்டீங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "கேட்டிருக்க மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். மைதானத்தைச் சுற்றி இடமில்லை. பழனியிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் மேளத்தோடு வந்திருந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள்கூட, என்ன கூட்டம் என்று கேட்டு, கையில் சோளக்கதிரோடு நின்றுகொண்டார்கள். சுபஸ்ரீ பள்ளங்கி ஆட்கள் நிற்கும் பக்கத்தில், கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். கையில் நோட்டு இருந்தது. முகத்தில் கவலை இல்லை. மூன்று இடத்தில் சண்டை, மூன்றுக்கும் பதில் தயார் என்று நினைத்தாள்.

விசில் ஊதியதும் அவள் முதலில் பார்த்தது செல்வமுருகனை. அவன் வலது பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்தில், பழனிக்கு இடது ஓரத்தில் நின்றிருந்தான். கோகுல்ராஜ் நிற்கும் இடத்திலிருந்து மைதானத்தின் அகலம் முழுக்கத் தள்ளி.

குமாரவேல் இடத்தை மாற்றிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் பள்ளங்கிக்கு ஆடியவர் சேனாதிபதி. நல்ல உயரம், தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர், ஆனால் ஓட்டம் இல்லை. செல்வமுருகன் முதல் தடவை அவரைத் தாண்டியபோது பந்து வெளியே போனது. இரண்டாவது தடவை கார்னர் கிடைத்தது. ஒன்பதாவது நிமிடத்தில், மூன்றாவது தடவை, கோட்டோரமாகக் கடைசிவரை ஓடி, கோல் முகத்துக்குக் குறுக்கே அடித்தான். பழனி முன்கள ஆள் ஒருவன் காலை வைத்தான். பழனி ஒன்று, பள்ளங்கி பூஜ்யம். மேளம் காதைப் பிளந்தது.

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சுபஸ்ரீயைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏம்மா, எடத்தை மாத்த மாட்டாருன்னு சொன்னியாமே?" என்றார் ஒருவர். வேலுமணி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். சொல்லும்போது முகம் சுட்டது. நோட்டைப் புரட்டினாள். இதற்கு அதில் எதுவும் இல்லை.

பந்தை நடுக்கோட்டில் வைத்து மறுபடி ஆரம்பிப்பதற்குள் ஒன்று நடந்தது. கோகுல்ராஜ் தன் இடத்தை விட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்து போனான். சேனாதிபதியிடம் ஏதோ சொன்னான். சேனாதிபதி ஒரு கணம் விழித்துவிட்டு, இடது பக்கத்துக்கு ஓடினார்.

"ஏலே கோகுலு, எங்கடா போற?" என்று நடுக்களத்திலிருந்து கத்தினார் வேலுமணி.

"அவன் எங்க நிக்கிறானோ அங்கதாண்ணே எனக்குச் சோலி!"

சுபஸ்ரீ கோட்டை ஒட்டி முன்னால் வந்தாள். அவசரப்படுகிறான் என்று நினைத்தாள். கோபத்தில் போகிறான், அங்கேயும் காலை நீட்டப்போகிறான். அடுத்த இரண்டு நிமிடத்தில் பந்து செல்வமுருகனிடம் வந்தது. அவன் கோட்டோரமாகக் கிளம்பினான். கோகுல்ராஜ் பாய்ந்தான், அதே பழைய பாய்ச்சல், அதே வலது கால். ஆனால் பந்து அந்தக் காலில் மாட்டி, கோட்டைத் தாண்டி வெளியே போனது.

அவள் அப்போதுதான் பார்த்தாள். வலது பக்கம் நின்றால், கோட்டோரம் என்பது அவனுடைய வலது காலின் பக்கம். இத்தனை நாள் எந்தக் கால் அவனை ஏமாற்றியதோ, அந்தக் கால் இங்கே சரியான பக்கத்தில் இருந்தது. பதினோரு பக்கம் எழுதினவளுக்கு இது தோன்றவில்லை. பத்து நிமிடம் மைதானத்தில் நின்றவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"ஆமா, ஆமா" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். பிறகு சத்தமாகவே கத்தினாள். "அப்படித்தாங்க! விடாதீங்க!"

இடைவேளைவரை செல்வமுருகன் ஆறு தடவை முயன்றான். ஒரு தடவை தாண்டினான். அந்த ஒரு தடவையும் கோல்கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டார்.

இடைவேளையில் வேலுமணி கையை ஆட்டி அவளை உள்ளே கூப்பிட்டார். ஆட்டக்காரர்கள் புல்லில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் போய் நடுவில் நின்றாள்.

"மொத தடவை தப்பாச் சொன்னேன். அந்த கோலு என் கணக்குல" என்றாள். "ஆனா இப்ப சொல்றதக் கேளுங்க. அவங்க எடது பக்கம் வேலைக்கு ஆகலன்னு குமாரவேலு பாத்துட்டாரு. ரெண்டாவது பாதியில செல்வமுருகனைப் பழைய எடத்துக்கே கொண்டு வருவாரு. எங்க வீட்டுக்காரரும் அவன் பின்னாடியே நம்ம எடது பக்கம் வருவாருன்னு அவருக்குத் தெரியும். வந்தா வலது காலை நீட்டுவாருன்னு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். அதனால ரைட் பேக்கையும் சேத்து மேல அனுப்புவாரு."

"நிச்சயமா?" என்று கேட்டார் வேலுமணி.

"நிச்சயமா."

வெள்ளிக்கிழமையும் இதே உறுதியோடுதான் சொன்னாள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கோகுல்ராஜ் ஆரஞ்சுத் தோலைத் தூர எறிந்துவிட்டு எழுந்தான்.

"வந்தா நான் காலை நீட்ட மாட்டேன்" என்றான். "பந்து கெடைச்சா நேரா அந்தக் காலி எடத்துக்குத்தான். வேலுமணியண்ணே, நீங்க முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருங்க."

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் செல்வமுருகன் வலது ஓரத்துக்கு வந்தான். கோகுல்ராஜும் சேனாதிபதியும் இடம் மாறிக்கொண்டார்கள். சுபஸ்ரீ நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்துக் கோட்டோரம் குமாரவேல் கைகட்டி நின்றிருந்தார். பழனியின் ரைட் பேக் நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறினான்.

பந்து செல்வமுருகனுக்கு வந்தது. அவன் தோளைச் சாய்த்தான். கோகுல்ராஜ் காலை நீட்டவில்லை. ஓரடி பின்னால் போனான். செல்வமுருகன் இன்னொரு தடவை சாய்த்தான். இன்னும் ஓரடி பின்னால். "காலை விடு, காலை விடு!" என்று பள்ளங்கிக் கூட்டத்திலேயே ஒருவர் பொறுக்காமல் கத்தினார். கோகுல்ராஜ் விடவில்லை. செல்வமுருகன்தான் பொறுமை இழந்து பந்தை நீளமாகத் தட்டினான். தட்டிய அந்த நொடியில் கோகுல்ராஜ் உடம்பைக் குறுக்கே கொடுத்தான். பந்து அவனிடம் இருந்தது. நிமிர்ந்து பார்க்காமலே, பழனி ரைட் பேக் விட்டுவிட்டு வந்த காலி இடத்துக்கு ஓங்கி அடித்தான்.

வேலுமணி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். பழனியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் மட்டும் துரத்தி வந்தான். வேலுமணி தானே அடிக்காமல் பக்கத்தில் வந்த பள்ளங்கி முன்கள ஆள் பழனிக்குமாருக்குத் தள்ளினார். பழனிக்குமார் உள்ளே தட்டினான். ஒன்றுக்கு ஒன்று.

அதற்குப் பிறகு பழனி மூன்று புது ஆட்களை இறக்கியது. யாரும் மூச்சு வாங்கி விழவில்லை. எழுபதாவது நிமிடத்தில் அவர்களுடைய ஒரு பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது, பொன்னுத்தாய் தன் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டார். செல்வமுருகனை மட்டும் குமாரவேல் மாற்றவில்லை. அவனால் எப்போது வேண்டுமானாலும் ஒரு கோல் வரும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் தப்பில்லை. ஆனால் முழு ஆட்டமும் மலைமேல் ஓடிய கால் அது. எண்பதாவது நிமிடத்தில், கோகுல்ராஜிடம் பந்தைப் பறிகொடுத்த பிறகு, செல்வமுருகன் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான்.

கோகுல்ராஜ் பந்தை யாருக்கும் கொடுக்கவில்லை. இடது ஓரத்தில் தானே ஓடினான். அவன் அப்படி மேலே போய் யாரும் பார்த்ததில்லை. மூலைக்கொடி வரை போனான். அங்கே வலது காலால் அடிக்கக் கோணம் இல்லை. வேறு வழியில்லாமல், வாழ்நாளில் அடிக்காத இடது காலால் அடித்தான். அசிங்கமான அடி. பந்து தத்தித் தத்திப் போய், பழனிக்காரன் ஒருவனுடைய முட்டியில் பட்டு, வேலுமணியின் காலடியில் விழுந்தது. முன்னால் கோல் மட்டும்தான் இருந்தது.

பள்ளங்கி இரண்டு, பழனி ஒன்று. அப்படியே முடிந்தது.

கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தபோது சுபஸ்ரீ ஓடவில்லை, முழங்கால் விடாது. நடந்தே போனாள். கோகுல்ராஜ் கணுக்கால் வீங்கிப் புல்லில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கையை நீட்டினான். அவள் பிடித்து எழுப்பினாள்.

"வலது பக்கம் போகணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள்.

"நீதானே சொன்ன, வலது காலுதான் அவசரப்படுதுன்னு. அவசரப்படுற காலை அவன் ஓடுற பக்கமா வச்சுட்டா என்னன்னு பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் பொறாமையும் சேர்ந்து வந்தன. "எனக்குத் தோணலையே" என்றாள்.

குமாரவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோகுல்ராஜுக்குக் கை கொடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எடத்தை மாத்த மாட்டேன்னு சொன்னீங்களே, அன்னைக்குத்தாம்மா முடிவு பண்ணேன், மாத்திருவோம்னு. அதுவரைக்கும் அந்த நெனப்பே இல்ல."

"நான்தான் கெடுத்துக்கிட்டேனா?"

"பாதி நீங்க கெடுத்தீங்க, மீதி பாதி ஒங்க வீட்டுக்காரரு சரி பண்ணிட்டாரு." சிரித்தபடி தன் ஆட்களிடம் போனார். செல்வமுருகனின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை வேலுமணி உரக்கடைக்கு வந்தார். இந்தத் தடவை ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. அதற்குப் பள்ளங்கி அணிக்கு ஆட்டத் திட்டம் போட ஓர் ஆள் வேண்டும், வெளியே நின்று கத்தாமல் உள்ளேயே உட்காரவேண்டும் என்றார். யாரைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உள்ள உக்காந்தா, குரூப்புல பேச முடியாதுண்ணே" என்றாள்.

"ஏன், ரெண்டையும் செய்யி."

"ரெண்டையும் செய்ய முடியாது. நம்ம டீம் ரகசியத்தை வச்சுக்கிட்டு ஊருக்கு நேர்மையாப் பேசுற மாதிரி நடிக்க எனக்கு வராது. ஒண்ணுதான்."

"அப்ப எது?"

யோசித்துச் சொல்ல அவள் ஒரு நாள் கேட்கவில்லை. பத்து நிமிடம்கூடக் கேட்கவில்லை. தராசில் ஏற்றிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "உள்ளதான்" என்றாள்.

அன்று சாயங்காலம் குழுவில் ஒரு கடைசி ஆடியோ போட்டாள். முப்பது விநாடி. இனிமேல் பள்ளங்கி அணியோடு வேலை பார்க்கப் போவதாகவும், அதனால் இங்கே ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது சரியாக இருக்காது என்றும், இதுவரை கேட்டவர்களுக்கு நன்றி என்றும் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பதில்கள். பாதிப் பேர் வாழ்த்தினார்கள், பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். தாண்டிக்குடி கோல்கீப்பர், 'இனிமே நிம்மதியாத் தூங்குவேன்' என்று எழுதியிருந்தார்.

புதன்கிழமை காலை பயிற்சிக்குப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். பனியில் புல் நனைந்து கிடந்தது. கோகுல்ராஜ் கணுக்காலில் கட்டோடு ஓரமாக நின்றான். சுபஸ்ரீ விசிலை வாயில் வைத்து ஊதினாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சேனாதிபதியண்ணே, நீங்க இன்னைக்கு முன்னாடி போங்க. ஒங்க ஒயரத்தைப் பின்னாடி வச்சு வீணாக்கிக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

"நானா? முன்னாடியா?"

"ஆமா. போங்க, சொல்றேன்."

சேனாதிபதி வேலுமணியைப் பார்த்தார். வேலுமணி தோளைக் குலுக்கினார். சேனாதிபதி முன்னால் ஓடினார்.